அனுப்பினால் போதுமா? போய்ச் சேர வேண்டாமா?



சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை. கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு நெடுநாளாகத் தெரிந்த ஓர் அக்காள் வந்து எதிரே உட்கார்ந்தார். காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டி வளர்ந்தவர். தோட்டம் போனது, லயம் போனது. இப்போது பக்கத்து ஆலை ஒன்றில் துப்புரவு வேலை. முகம் வாடியிருந்தது.

"தம்பி, இந்தப் போன என்னான்னு பாரு. இதால என் ஒரு நாள் சம்பளம் போச்சு. வராத நாள்னு பேர் எழுதிட்டாங்க. மாசம் முழுக்க ஓடிஓடி வந்ததுக்குக் குடுக்கிற வருகைப் பணமும் போச்சு" என்றார்.

நடந்தது இது. அந்த வாரம் அவருக்குப் பிற்பகல் 2 மணி வேலை. இரவு ஒன்பது மணிக்கு மேல் மேற்பார்வையாளர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டிருக்கிறார்: "நாளை எல்லாரும் காலை 6 மணிக்கு வரவும்." அக்காளின் போன் இரவு முழுவதும் தலைமாட்டில்தான் கிடந்தது. வைஃபை அடையாளம் முழுதாக எரிந்தது. டேட்டாவுக்கும் பணம் கட்டியிருந்தது. செய்தி மட்டும் வரவில்லை. மறுநாள் பகல் ஒரு மணிக்கு வீட்டை விட்டு இறங்கி, பேருந்து நிற்குமிடத்துக்கு வந்ததும், முந்திய இரவுச் செய்திகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. அப்போது படித்து என்ன பயன்? ஆலை வாசலில், "செய்தி அனுப்பினோமே, நீங்கள் பார்க்கவில்லை என்றால் நாங்கள் என்ன செய்வது?" என்று சொல்லிவிட்டார்கள்.

இது அந்த அக்காள் ஒருவரின் கதை அன்று. பிள்ளைகள் பயன்படுத்திப் பழசாக்கிய போன் தாய்க்கும் தந்தைக்கும் வருவது நம் வீடுகளின் வழக்கம். அந்தப் பழைய போனை நம்பித்தான் இன்றைக்கு வேலை நேரம் வருகிறது, சம்பளச் சீட்டு வருகிறது, சேமநிதிக் கணக்கு வருகிறது, வங்கி கேட்கும் அனுமதி வருகிறது. ஆகவே அந்தப் போனுக்குள் வைஃபைக்கும் டேட்டாவுக்கும் நடக்கும் சண்டையை நம்மவர் தெரிந்துகொள்வது இன்றைய தேவை. தெரிந்துகொண்டால் பாதிக் குறையை நாமே தீர்த்துக்கொள்ளலாம். மறு பாதிக்கு யாரைக் கேட்க வேண்டுமோ அவரைக் கேட்கலாம்.

இரண்டு வழி, ஒரு வண்டி

போனுக்கு வெளியுலகத்தோடு பேச இரண்டு வழி உண்டு. ஒன்று, சிம் அட்டை வழியாகத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கோபுரத்தைத் தொடும் வழி. இதைத்தான் நாம் 'லைன்' என்றும் 'டேட்டா' என்றும் சொல்கிறோம். மற்றொன்று, வீட்டிலோ கடையிலோ ஆலையிலோ இருக்கும் ரௌட்டர் பெட்டியைத் தொடும் வைஃபை வழி. இரண்டும் திறந்திருந்தால் போன் வைஃபையைத்தான் முதலில் பிடிக்கும். வைஃபை பெரும்பாலும் கணக்குப் பார்க்காத வழி, டேட்டாவோ அளந்து விற்கப்படும் வழி என்பதால் அப்படி அமைத்திருக்கிறார்கள். நம் பணத்தை மிச்சப்படுத்தும் ஏற்பாடுதான் அது. குறை சொல்வதற்கில்லை.

குறை எங்கே வருகிறது? போனின் உச்சியில் தெரியும் வைஃபை அடையாளம், போனுக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள பலத்தை மட்டுமே காட்டும். பெட்டிக்கு அப்பால் இணையம் ஓடுகிறதா என்பதை அந்தக் கோடுகள் காட்டுவதில்லை. லயத்து வாசலில் பைப்பு நின்றது, தொட்டியில் தண்ணீர் இல்லை என்றால் குடம் நிறையுமா? அக்காளின் வீட்டில் நடந்தது அதுதான். அடுத்த வீட்டுக்காரரோடு பங்கு போட்டுக் கட்டும் வைஃபை அது. அன்றிரவு பெட்டிக்கு வரும் வெளி லைன் அறுந்து கிடந்தது. பெட்டி எரிந்தது, இணையம் இல்லை. போன் பெட்டியைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

"போனுக்கு மூளை இல்லையா? வைஃபையில் இணையம் இல்லை என்றால் டேட்டாவுக்கு மாறக்கூடாதா?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. ஆண்ட்ராய்டு போன்களில் 2014ல் வந்த 5.0 பதிப்பு முதல் அதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. வைஃபையைப் பிடித்தவுடன் போன், கூகிள் நிறுவனத்தின் ஒரு முகவரிக்குச் சிறு கேள்வி ஒன்றை அனுப்பும். 204 என்ற எண்ணோடு விடை வந்தால் வழி திறந்திருக்கிறது என்று பொருள். வராவிட்டால், "இந்த வைஃபையில் இணையம் இல்லை. இருந்தாலும் இதிலேயே இருக்கட்டுமா?" என்று நம்மைக் கேட்கும். கீழே சிறிதாக, "இனிக் கேட்க வேண்டாம்" என்று ஒரு கட்டமும் இருக்கும். ஆங்கிலத்தில் அல்லது மலாயில் வரும் அந்தக் கேள்வியை யாரும் படிப்பதில்லை. மறைந்தால் போதும் என்று 'சரி' என்பதைத் தட்டிவிடுகிறோம். அன்று முதல் அந்த வைஃபையில் இணையம் செத்தாலும் போன் அதையே கட்டிக்கொண்டிருக்கும். அக்காளின் போனில் என்றோ ஒருநாள் பேரப்பிள்ளை அந்தக் கட்டத்தைத் தட்டியிருக்க வேண்டும். வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. அந்த வைஃபையை மறக்கச் சொல்லிப் புதிதாகச் சேர்த்ததும் நோய் நின்றுவிட்டது.

பழைய போன்களில் இன்னொரு கோளாறும் உண்டு. வைஃபையைப் பிடிக்கும்போது இணையம் இருந்து, இடையில் அறுந்தால், அதை உணர்ந்து மாறுவதற்கு அவை நெடுநேரம் எடுக்கும். சில போன்கள் பெட்டியின் பலம் ஒரே ஒரு கோடாகத் தேய்ந்தாலும் விடாது. மாடிப்படியில் நின்று பேசும்போது குரல் விட்டுவிட்டு வருவது இதனால்தான்.

போன் பழையதா, கோபுரம் புதியதா?

இதுவரை சொன்னது வைஃபையின் குற்றம். டேட்டாவின் பக்கமும் ஒரு கதை உண்டு. அது நம் நாட்டின் கதை.

2020ல் அரசாங்கம் 'ஜெண்டேலா' என்ற தொலைத்தொடர்புத் திட்டத்தை அறிவித்தது. அதன்படி 2021 டிசம்பர் 31க்குள் நாட்டின் 3ஜி சேவை படிப்படியாக மூடப்பட்டது. அந்த அலைவரிசைகளை 4ஜிக்குக் கொடுத்தால் வேகம் கூடும் என்பது நோக்கம். நோக்கம் நியாயமானதே. ஆயினும் அன்று கையில் 3ஜி போன் வைத்திருந்தவருக்கு என்ன மிஞ்சியது? பேசவும் குறுஞ்செய்தி அனுப்பவும் 2ஜி மிஞ்சியது. டேட்டா என்ற பெயரில் ஓர் ஆமை மிஞ்சியது. அப்படிப்பட்ட போன் வீட்டில் வைஃபை இருந்தால் நன்றாக ஓடும். தெருவில் இறங்கினால் ஊமையாகும். "வீட்டில் வருகிறது, பேருந்தில் வருவதில்லை" என்று பெரியவர்கள் சொல்லும்போது நாம் சிரிக்கிறோம். அவர்கள் சொல்வது சரி. மாறியது கோபுரம்.

4ஜி போன் வைத்திருப்போரும் முழுதாகத் தப்பவில்லை. 4ஜி வழியாகவே குரலையும் கொண்டுபோகும் வசதிக்கு 'வோல்டி' என்று பெயர். பழைய 4ஜி போன்கள் பலவற்றில் அது இல்லை. அத்தகைய போனுக்கு ஓர் அழைப்பு வந்தால், பேசுவதற்காக அது 2ஜிக்கு இறங்கும். பேசி முடிக்கும்வரை டேட்டா நிற்கும். வைஃபை இருந்தால் மட்டும் செய்தி வரும். அரை மணி நேரம் ஊர்க்கதை பேசிவிட்டு, "வாட்ஸ்அப்பே வரவில்லை" என்று வியப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

இரண்டு சிம் போடும் பழைய போன்களில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. பல போன்களில் முதல் பொந்துதான் 4ஜி. இரண்டாவது பொந்து 2ஜி மட்டும். டேட்டா வாங்கிய சிம்மை இரண்டாவதில் போட்டுவிட்டுக் கடைக்காரரைத் திட்டுவோர் உண்டு. இடம் மாற்றிப் போட்டாலே பிழைத்துக்கொள்ளும். பத்துப் பன்னிரண்டு வருடமாக மாற்றாத சிம் அட்டையாக இருந்தால், அதே எண்ணுக்கு 4ஜி சிம் மாற்றித் தரும்படி நிறுவனத்தின் கடையில் கேட்க வேண்டும். எண் மாறாது.

எதிர்ப் பக்கமாகவும் நட்டம் வரும். வைஃபை இருக்கிறது என்று நம்பி நாம் படம் பார்ப்போம். வைஃபை பலவீனம் என்று போன் தானே டேட்டாவுக்குத் தாவி, போட்ட பணத்தைத் தின்றுவிடும். ஐபோன்களில் 2015ல் ஐஓஎஸ் 9 பதிப்போடு வந்த 'வைஃபை அசிஸ்ட்' என்ற வசதி இப்படிப்பட்டது. அது வந்த சில வாரங்களிலேயே, டேட்டாக் கட்டணம் ஏறிவிட்டது என்று அமெரிக்காவில் வழக்கே போட்டார்கள். சில ஆண்ட்ராய்டு போன்களிலும் இதே வேலையைச் செய்யும் பொத்தான் வேறு பெயரில் இருக்கிறது. டேட்டா குறைவாக வாங்குபவர் அதை அடைத்து வைக்கலாம். வேலைச் செய்தி தவறக்கூடாது என்பவர் திறந்து வைக்கலாம். இரண்டில் எது வேண்டும் என்று போன் உரிமையாளர்தான் தீர்மானிக்க வேண்டும்.

நாமே பார்க்கக்கூடியவை

கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுமுன் வீட்டிலேயே வரிசையாகப் பாருங்கள்.

முதலில் குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். வைஃபையை அடைத்துவிட்டு டேட்டாவில் மட்டும் ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள். பிறகு டேட்டாவை அடைத்து வைஃபையில் மட்டும் பாருங்கள். வீட்டை விட்டு வெளியே வந்ததும் பழைய செய்திகள் கொட்டினால் குற்றம் வீட்டு வைஃபையுடையது. வீட்டுக்குள் நுழைந்ததும் கொட்டினால் குற்றம் டேட்டாவுடையது. இந்த ஒரு கணக்கைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

இரண்டாவது, விமானப் படம் போட்ட பொத்தானைத் தட்டி, பதினைந்து விநாடி பொறுத்து, மறுபடி தட்டுங்கள். போன் இரண்டு வழிகளையும் விட்டுவிட்டுப் புதிதாகத் தேடும். மலைத்துப்போன போனுக்கு இதுவே பல வேளைகளில் மருந்து.

மூன்றாவது, குற்றவாளி வைஃபை என்றால், அமைப்புகளில் அந்த வைஃபையின் பெயரைத் தொட்டு 'ஃபர்கெட்' கொடுத்து, கடவுச்சொல்லை மறுபடி போட்டுச் சேருங்கள். மேலே சொன்ன "இனிக் கேட்க வேண்டாம்" என்ற பழைய கட்டளை அத்தோடு அழியும். இந்த முறை கேள்வி வந்தால் படித்துப் பார்த்து 'வேண்டாம்' என்று சொல்லுங்கள். கடைத்தெருவிலும் பிரிக்பீல்ட்ஸ் போன்ற இடங்களிலும் என்றோ ஒருநாள் பிடித்த இலவச வைஃபைகளை எல்லாம் போன் மறக்காமல் வைத்திருக்கும். அருகில் போனதும் தானே பிடித்துக்கொண்டு, பதிவுப் பக்கம் திறக்கக் காத்துக் கிடக்கும். அவற்றையும் அழித்துவிடுங்கள்.

நான்காவது, புதிய பெட்டி வாங்கிய பிறகு பழைய போனில் வைஃபை பெயரே தெரியவில்லை என்றால், அந்தப் பெட்டி 5 கிகாஹெர்ட்ஸ் அலையில் மட்டும் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். மிகப் பழைய போன்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும். பெயர் தெரிந்தும் சேர மறுத்தால், பெட்டியின் பாதுகாப்பு முறை புதிய 'டபிள்யூபிஏ3' மட்டுமாக இருக்கலாம். பழைய 'டபிள்யூபிஏ2' முறையையும் ஏற்கும்படி மாற்றித் தரக் கேளுங்கள்.

ஐந்தாவது, போனின் தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். தேதி பிசகினால் பாதுகாப்பான இணையப் பக்கங்கள் திறக்க மறுக்கும். நாமோ லைனைத் திட்டிக்கொண்டிருப்போம். தேதியைத் தானாக மாறும்படி விடுங்கள்.

ஆறாவது, குற்றவாளி டேட்டா என்றால், 'டேட்டா சேவர்' திறந்திருக்கிறதா, டேட்டாவுக்கு எல்லை போட்டு வைத்திருக்கிறதா, வாட்ஸ்அப்புக்குப் பின்னணி டேட்டா தடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பணம் மிச்சப்படுத்த யாரோ போட்ட பூட்டு அது. பிறகு, நெட்வொர்க் வகை 4ஜி என்று இருக்கிறதா, டேட்டாவுக்குச் சரியான சிம் தேர்வாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். சிம் மாற்றிய பிறகு டேட்டா வராவிட்டால், 'ஏபிஎன்' என்ற அமைப்பு அந்த நிறுவனத்துக்கு உரியதாக இருக்க வேண்டும். வாடிக்கையாளர் சேவையைக் கேட்டால் சொல்வார்கள்.

கடைசியாக, ஒன்றும் பலிக்காவிட்டால் 'நெட்வொர்க் ரீசெட்' செய்யலாம். வைஃபைக் கடவுச்சொற்களும் புளூடூத் இணைப்புகளும் அழியும். படங்களும் செய்திகளும் அழியா. ஆனால் 'ஃபேக்டரி ரீசெட்' என்பது வேறு. அது எல்லாவற்றையும் துடைத்துவிடும். பெயர் பார்த்துத் தட்டுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. "வேகம் கூட்டித் தருகிறேன்" என்று யாராவது வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு அனுப்பிப் போனில் ஏற்றச் சொன்னால் ஏற்றாதீர்கள். அப்படிப்பட்ட கோப்புகளால் வங்கிப் பணம் பறிபோவது உண்டு. பழைய போனுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றிருக்கும். ஆகவே ஊர் பேர் தெரியாத இலவச வைஃபையில் வங்கி வேலை வேண்டாம். போன் மிகப் பழையதென்றால் என்ன வித்தை செய்தும் பயனில்லாத நாள் ஒன்று வரும். 2025 ஜனவரி 1 முதல் ஆண்ட்ராய்டு 5.0க்குக் கீழ்ப்பட்ட போன்களில் வாட்ஸ்அப் ஓடுவதில்லை.

யார் பொறுப்பு?

இது நிற்க. போனைத் திருத்திவிட்டோம். போன சம்பளத்துக்கு யார் பொறுப்பு?

நிர்வாகத்தார் தரப்பிலும் ஒரு வாதம் இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. "நூறு பேருக்கு ஒவ்வொருவராகப் போன் போட முடியுமா? குழுவில் செய்தி போட்டால் ஒரு நிமிடத்தில் முடிகிறது. செய்தியைப் படித்துவிட்டு, வரவில்லை என்று சாக்குச் சொல்பவரும் இருக்கிறார்களே!" இருக்கிறார்கள். நமக்கும் தெரியும். ஆகவேதான் நாம் வாய்ப்பேச்சை விட்டு அத்தாட்சியைக் கேட்கிறோம். அத்தாட்சி எங்கே இருக்கிறது தெரியுமா? மேற்பார்வையாளர் கையிலேயே இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினால், முதலில் ஒரு கோடு விழும். அனுப்பியாயிற்று என்பது அதன் பொருள். பெற வேண்டியவரின் போனில் போய்ச் சேர்ந்தால்தான் இரண்டாவது கோடு விழும். குழுவில் எல்லார் போனுக்கும் போய்ச் சேராதவரை இரண்டாவது கோடு விழாது. அனுப்பியவர் அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்து விவரம் பார்த்தால், யாருக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது என்று பெயர் வாரியாகத் தெரியும். பொய் சொல்பவரையும் அது காட்டிக்கொடுக்கும். உண்மை சொல்பவரையும் அது காப்பாற்றும்.

மறு வாரம் அக்காளோடு நானும் ஆலைக்குப் போனேன். மேற்பார்வையாளரிடம் சண்டை போடவில்லை. "ஐயா, உங்கள் போனில் அந்தச் செய்தியை அழுத்திப் பாருங்கள்" என்று மட்டும் கேட்டோம். பார்த்தார். அக்காளின் பெயருக்கு நேரே மறுநாள் பகல் ஒரு மணி பத்து நிமிடம் என்று இருந்தது. அவர் சற்று நேரம் பேசவில்லை. "காலையிலேயே இதைப் பார்த்திருக்கலாம், அக்கா" என்றார். நல்ல மனிதர்தான். அவருக்கும் மேலே இருந்து உத்தரவு இரவு ஒன்பது மணிக்குத்தான் வந்திருக்கிறது.

வராத நாள் என்ற குறிப்பு அடிக்கப்பட்டது. வருகைப் பணம் திரும்பியது. அந்த ஒரு நாள் சம்பளம் திரும்பவில்லை; வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்றார்கள். பிற்பகல் 2 மணிக்கு வேலைக்குத் தயாராக வாசலில் வந்து நின்ற ஒருவரின் கூலி அது. அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை என்பதே என் கருத்து.

அன்று தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு நடந்தது. கங்காணியும் கிராணியும் கடுமையானவர்களாக இருந்திருக்கலாம். ஆனால் யாருக்கு எந்த நிரை என்பதை முகத்துக்கு முகம் சொன்னார்கள். கேட்டவர் கேட்டார், கேளாதவர் திருப்பிக் கேட்டார். செய்தியைத் தொழிலாளியிடம் சேர்ப்பது வேலை கொடுப்பவரின் பொறுப்பாக இருந்தது. இன்று அந்தப் பொறுப்பு சத்தமில்லாமல் தொழிலாளியின் கைக்கு மாற்றப்பட்டிருக்கிறது. போன் அவருடையது, டேட்டா அவருடைய பணம், வைஃபை அவருடைய பங்கு, கோளாறானால் நட்டமும் அவருடையது! வேலைக்கு வேண்டிய கருவியைத் தொழிலாளியே வாங்கி, தொழிலாளியே பழுதுபார்த்து, பழுதானால் அபராதமும் தொழிலாளியே கட்டுவது எந்த ஊர் நியாயம்?

குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி 1 முதல் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. ஐந்து பேருக்கும் குறைவாக வேலைக்கு வைத்திருப்போருக்கு ஆகஸ்ட் 1 முதல். வாடகை, பேருந்து, பிள்ளைகளின் பள்ளிச் செலவு போக எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் பார்த்தவர்கள், "புதுப் போன் வாங்கிக்கொள்ளுங்களேன்" என்று சொல்ல மாட்டார்கள்.

வேலை மட்டுமா? 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா, மோசடியைத் தடுக்க, குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கைவிட்டுப் பாதுகாப்பான முறைக்கு மாறும்படி வங்கிகளைப் பணித்தது. வங்கிகளும் போன் செயலியில் அனுமதி கேட்கும் முறைக்கு வந்தன. மோசடி குறைய வேண்டியதே. ஆயினும் குறுஞ்செய்தி 2ஜியிலும் வரும். செயலி அனுமதிக்கு இணையம் வேண்டும். சேமநிதிக் கணக்கு 2024 மே 11 முதல் மூன்றாகப் பிரிந்தது. அதைப் பார்க்கவும் போன்தான் கைவழி. ஒவ்வொரு மாற்றமும் தனித்தனியே நல்லதாக இருக்கலாம். எல்லாம் கூடி, பழைய போன்காரரின் தலையில் இறங்குகிறது.

நாம் கேட்பவை

ஒன்று: வேலை நேர மாற்றம், ஆள் மாற்றம் போன்றவற்றைக் குழுவில் போடுவதோடு, முன்னாளே ஆலை அறிவிப்புப் பலகையிலும் ஒட்ட வேண்டும். இரவில் அவசர மாற்றம் என்றால், இரண்டாவது கோடு விழாதவருக்கு மட்டும் ஓர் அழைப்புப் போட வேண்டும். நூறு பேரில் அப்படி நாலைந்து பேர் இருந்தால் அதிகம். அழைப்பு 2ஜியிலும் போகும்.

இரண்டு: செய்தி சேர்ந்த நேரத்தைப் பார்க்காமல் எவரையும் வராத நாள் கணக்கில் எழுதக்கூடாது.

மூன்று: செயலியில்தான் வருகை பதிய வேண்டும், சம்பளச் சீட்டு பார்க்க வேண்டும் என்று விதிக்கும் நிர்வாகம், வேலையிடத்தில் இணையம் உள்ள வைஃபை தரட்டும், அல்லது மாதம் ஒரு சிறு டேட்டாப் பணம் தரட்டும்.

நான்கு: 1998ஆம் ஆண்டுத் தகவல் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின்கீழ், எல்லாருக்கும் சேவை சேர்ப்பதற்கென்று ஒரு நிதி இருக்கிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் வருமானமுள்ள உரிமம் பெற்ற நிறுவனங்கள் தங்கள் நிகர வருமானத்தில் 6 விழுக்காட்டை அதற்குக் கட்டுகின்றன. கோபுரம் எழுப்புவதோடு நில்லாமல், அடுத்த முறை ஒரு சேவையை மூடும்போது, குறைந்த வருமானக்காரர் போன் மாற்றுவதற்கும் அந்த நிதி கைகொடுக்க வேண்டும் என்று கேட்பதில் என்ன தவறு?

நம் பக்கத்துக் கடமையும் உண்டு. வேலைவாய்ப்புச் சட்டப்படி, அனுமதியின்றித் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராதவர், தக்க காரணம் இருந்து, அதை நிர்வாகத்துக்குச் சொல்லியோ சொல்ல முயன்றோ இருந்தாலன்றி, ஒப்பந்தத்தை மீறியவராகக் கருதப்படுவார். நோயென்று நீங்கள் அனுப்பிய மருத்துவச் சீட்டின் ஓரத்தில் கடிகாரப் படம் இருந்தால், அது உங்கள் போனை விட்டே புறப்படவில்லை என்று பொருள். ஒரு கோடு விழுந்ததா, இரண்டாவது விழுந்ததா என்று பாருங்கள். விழாவிட்டால் அழையுங்கள், குறுஞ்செய்தி அனுப்புங்கள். நாம் பிறரிடம் கேட்கும் ஒழுங்கை நாமும் கடைப்பிடிக்க வேண்டாமா?

1941ல் இதே கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் முன்னோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் முன்னின்றார், பின்னர் நாடு கடத்தப்பட்டார். அன்று அவர்கள் கேட்டவற்றில் சம்பள உயர்வும் இருந்தது. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் இருந்தது. கூலியும் மரியாதையும் தனித்தனி என்று அவர்கள் நினைக்கவில்லை. பழைய போன் வைத்திருப்பதற்காக ஒரு மூத்த பெண்மணி ஆலை வாசலில் பொய் சொல்பவர் போல நிற்க வேண்டியிருந்ததே, அதிலும் இரண்டும்தான் கலந்திருக்கின்றன.

படித்த இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு மணி நேரம், ஒரு மேசை, நான்கு நாற்காலி போதும். கோயில் மண்டபத்திலோ சங்கக் கட்டடத்திலோ உட்காருங்கள். பெரியவர்களின் போனை வாங்கிப் பாருங்கள். அவர்கள் கண்ணெதிரிலேயே செய்யுங்கள். என்ன செய்தோம் என்று தமிழில் சொல்லுங்கள். அவர்கள் கடவுச்சொல்லைக் கேட்காதீர்கள், அவர்களே போடட்டும். உங்களுக்குத் தெரியாதது இருந்தால், அரசாங்கம் நாடெங்கும் நடத்தும் 'நாடி' இணைய மையங்களில் கேட்டு வந்து சொல்லுங்கள்.

அக்காள் இப்போது இரவு படுக்குமுன் ஒரு வேலை செய்கிறார். வைஃபையை அடைத்து, மகளுக்கு ஒரு வணக்கம் அனுப்பி, இரண்டு கோடு விழுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கண்ணயர்கிறார். "பால் வாளியக் கழுவி வெச்சிட்டுப் படுக்கிற மாதிரி, தம்பி" என்று சிரிக்கிறார். அவர் தம் பங்கைச் செய்துவிட்டார். அந்த ஒரு நாள் கூலி இன்னும் பாக்கி. நிர்வாகத்தார் தம் பங்கை எப்போது செய்யப் போகிறார்கள்?